தண்ணீர் ஓடியும் தணியாத சூடு!

அக்கினி நட்சத்திர வெயில் மனிதர்களை மட்டும்தான் வாட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். அறை மூலையில் வீற்றிருக்கும் கம்ப்யூட்டருக்கும் அது பொல்லாத காலம்தான்.

சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கல்யாண ஆல்பம் தயாரிப்பதும், வீடியோவை வெட்டி ஒட்டிச் சீராக்குவதும் அவருடைய தொழில். வீட்டிலேயே ஓர் அறையில் நடத்துகிறார். மூன்று வருஷங்களுக்கு முன்பு, சீட்டுப் பணத்தில், தண்ணீரால் குளிரூட்டப்படும் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினாராம். இப்போது வைகாசி முகூர்த்த வேலைகள் மலை போல் குவிந்திருக்கும் நேரத்தில் அது காலை வாரிவிடுகிறது. காலை வேளையில் ஒழுங்காக ஓடுகிறது. மத்தியானம் வேலை தொடங்கி இருபது நிமிஷம் ஆனதும் சூடு மெல்ல மெல்ல ஏறி 98 டிகிரியைத் தொடுகிறது. பிறகு யந்திரம் நத்தையாகி விடுகிறது. சில சமயம் தானே அணைந்தும் போகிறது. உள்ளே கிளுகிளு என்று சத்தம் வேறு. வந்து பார்த்தவர், பிராஸஸரையும் போர்டையும் மாற்றியாக வேண்டும் என்கிறாராம். 'இந்த வருமானத்தில் அது நடக்கிற காரியமா?' என்பது சகோதரியின் கவலை.

சகோதரி, பணப் பையின் முடிச்சை அவிழ்க்காதீர்கள்! உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது.

பிராஸஸர் என்பது கம்ப்யூட்டரின் மூளை. தீப்பெட்டி அளவுள்ள அந்தத் தகடு, கடும் வேலையின்போது 100 முதல் 250 வாட் வரை மின்சாரத்தை விழுங்கி, அத்தனையையும் சூடாக்கி வெளியே தள்ளுகிறது. பழைய குண்டு பல்புகள் இரண்டைத் தீப்பெட்டிக்குள் எரியவிட்டால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான். அந்தச் சூட்டைச் சுமந்து செல்லத்தான் தண்ணீர். எடைக்கு எடை பார்த்தால், காற்றைவிடத் தண்ணீர் நாலு மடங்கு உஷ்ணத்தைச் சுமக்கும். 1960-களிலேயே ஐ.பி.எம். கம்பெனியார் தங்கள் பெரிய கம்ப்யூட்டர்களுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டுவிட்டார்கள். 1985-ல் வந்த க்ரே-2 என்ற யந்திரத்தையோ ஒரு விசேஷத் திரவத்தில் அப்படியே முக்கியே வைத்தார்கள்!

உங்கள் ஊரிலிருந்து வடலூர் வழியாக நெய்வேலிக்குப் போயிருப்பீர்கள். அனல்மின் நிலையத்தில் உடுக்கை வடிவத்தில் ராட்சதக் கோபுரங்கள் நிற்கின்றன அல்லவா? அவை புகைபோக்கிகள் அல்ல. உள்ளே சுற்றிச் சூடாகி வரும் தண்ணீரைக் காற்றில் ஆற்றும் கோபுரங்கள். உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒரு குட்டிக் கோபுரம் உண்டு. அதற்கு ரேடியேட்டர் என்று பெயர். பிராஸஸரின் தலையில் உட்கார்ந்திருக்கும் செம்புக் கட்டி சூட்டை வாங்குகிறது. பம்ப் திரவத்தைத் தள்ளுகிறது. ரேடியேட்டரின் மெல்லிய மடிப்புகளில் விசிறி காற்றை ஊதி ஆற்றுகிறது. நெய்வேலியில் தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகிப் போகும். இங்கே மூடிய குழாய். அதே திரவம்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது.

இதில் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. அறைக் காற்று எத்தனை டிகிரியோ, அதற்குக் கீழே இந்தத் திரவம் ஒருபோதும் குளிராது. அறை 28-லிருந்து 38 டிகிரிக்கு ஏறினால், பிராஸஸரும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி ஏறும். காலையில் சமர்த்தாக இருக்கும் யந்திரம் மத்தியானம் முரண்டு பிடிப்பதன் ரகசியம் இதுதான். ஆனால் வெயில் மட்டும் 98-க்குக் கொண்டுபோகாது. வேறு ஏதோ துணை சேர்ந்திருக்கிறது. அதை வரிசையாகத் தேடுவோம்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். வேலை கொடுத்த ஓரிரு விநாடிகளிலேயே சூடு 95-க்குத் தாவினால், செம்புக் கட்டிக்கும் பிராஸஸருக்கும் நடுவே தொடர்பு சரியில்லை என்று அர்த்தம். ஓரிரு நிமிஷங்களில் ஏறினால் பம்பைச் சந்தேகிக்கலாம். கால் மணி, இருபது நிமிஷம் என்று மெதுவாக ஏறினால், தண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்கிறது, வெளியே விட முடியவில்லை என்று பொருள். உங்கள் யந்திரம் இந்த மூன்றாவது ஜாதி. ஆகவே குற்றவாளி பெரும்பாலும் ரேடியேட்டர் பக்கம்தான்.

அடுத்தது கை. பத்து நிமிஷம் வேலை கொடுத்துவிட்டு, விசிறியில் கை படாமல் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் ஓட்டம் நடக்கிறது. ஒன்று கொதித்து, மற்றொன்று சில்லென்று இருந்தால் பம்ப் நின்றுவிட்டது. யந்திரத்தை உயிர்ப்பிக்கும்போது டெலீட் அல்லது எஃப்2 பொத்தானை அழுத்தினால் வரும் பயாஸ் திரையில் பம்பின் சுழற்சி வேகம் தெரியும். அங்கே பூஜ்யம் காட்டினால், பம்பின் வயர் சரியான இடத்தில் செருகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அதைக் குறை சொல்லலாம்.

பிறகு காது. கிளுகிளு சத்தம் என்பது குழாய்க்குள் காற்றுக் குமிழி. காற்று எப்போதும் உயரமான இடத்தைத் தேடிப் போகும். ஆகையால் ரேடியேட்டரின் மேல் நுனி பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பம்பே எல்லாவற்றுக்கும் மேலாக இருந்தால் காற்று அதில் தங்கி, பம்ப் வெறுமனே சுற்றித் தேய்ந்து போகும். ரேடியேட்டர் முன்பக்கம் இருந்தால், குழாய் எட்டுகிற பட்சத்தில், குழாய் முனைகள் கீழே வரும்படி திருப்பி மாட்டுவது நல்லது.

நாலாவது, தூசி. கரும்பு லாரிகள் ஓடும் கும்பகோணம் சாலையோர வீடுகளில் ஜன்னல் திரையை உதறினால் என்ன வரும் என்பது உங்களுக்கே தெரியும். மூன்று வருஷத்துத் தூசி ரேடியேட்டர் மடிப்புகளில் கம்பளி போல் படிந்திருக்கும். யந்திரத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, உள்ளிருந்து வெளியே ஊதுங்கள். பெயிண்ட் அடிக்கும் மெல்லிய பிரஷ் போதும். ஈரத் துணி வேண்டவே வேண்டாம். மின்சாரம் வழங்கும் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

இத்தனைக்கும் மசியாவிட்டால், ஐந்தாவதாகப் பசை. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்: சூட்டைத் தடுக்க வேண்டுமா, நுண்ணிய காற்றுத் துளைகள் உள்ள செங்கல்லை வை என்று. செம்புக் கட்டிக்கும் பிராஸஸருக்கும் நடுவே மயிரிழை காற்று புகுந்தாலும் அதே வேலையைச் செய்யும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் பசை. பீங்கான் மண்ணின் முக்கியச் சரக்காகிய அலுமினாவும், துத்தநாக ஆக்ஸைடும் பல பசைகளில் பொடியாகக் கலந்திருக்கின்றன. பழைய பசை காய்ந்திருந்தால் ஐஸோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பசை வைத்து, திருகாணிகளை எதிர் எதிர் மூலையாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். இதற்கு மட்டும் பழக்கமுள்ளவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

திரவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முத்திரையிட்டு வரும் சாதனங்களில் ரப்பர்க் குழாயின் சுவர் வழியாகவே திரவம் வருஷக்கணக்கில் துளித்துளியாக வற்றும். அவற்றில் நாமாக ஊற்ற முடியாது. குளிர்விக்கும் சாதனத்தை மட்டும் மாற்ற வேண்டியதுதான். தொட்டி வைத்து ஊற்றிக்கொள்ளும் ரகமானால், கிணற்று ஜலமோ குழாய் ஜலமோ கூடாது. கெண்டியில் உப்புப் படிவது போல் உள்ளேயும் படிந்து அடைத்துக்கொள்ளும். இணைப்புகளில் ஈரமோ, பச்சைக் கறையோ கண்டால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

இன்னொன்று: 80 டிகிரியைப் பார்த்துப் பதற வேண்டாம். கடும் வேலையில் அது சகஜம். ஏ.எம்.டி. நிறுவனம் 2022-ல் வெளியிட்ட ரைஸன் 7000 வரிசையின் பெரிய பிராஸஸர்கள் 95 வரை போகும்படியே செய்யப்பட்டவை. இன்டெலின் பல பிராஸஸர்களுக்கு 100 டிகிரி எல்லை. அந்த எல்லையில் யந்திரம் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அப்படியும் தாங்காவிட்டால் அணைந்துகொள்கிறது. அது கெட்டுப் போனதன் அடையாளம் அல்ல. தன்னைக் காப்பாற்றிக்கொள்வதன் அடையாளம். அதற்காகப் பிராஸஸரையே மாற்றுவது, ஜுரம் என்று சொன்னவரின் தலையையே மாற்றுவது போல்தான்!

சகோதரி, முதல் நாலு பரீட்சைக்கும் காலணா செலவில்லை. பசைக்குச் சில நூறு ரூபாய். சாதனத்தையே மாற்றினாலும் சில ஆயிரத்தோடு போகும். அதுவரை முகூர்த்த வேலை நிற்க வேண்டாம். பயாஸில் பிராஸஸரின் மின்சார வரம்பைச் சற்றுக் குறைத்து, பெரிய வேலைகளை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் ஆல்பம் நாளுக்குத் தயாராகிவிடும்.

'பெண்பிள்ளை திருப்புளியைத் தூக்குவதாவது!' என்று வீட்டில் யாராவது சொல்லக்கூடும். மிக்ஸியின் பிளேடைக் கழற்றி மாட்டுவதும், குக்கரின் வால்வைத் துடைத்துப் பொருத்துவதும் தினம் தினம் யார் செய்கிற வேலை என்று ஒரு கேள்வி கேளுங்கள். போதும்.