கட்டிப்போட்டால் விழமாட்டார்களா?



முதியோர் இல்லத்தில் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், ‘வயசாயிடுச்சு, தவறிட்டார்’ என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 60 வயதைக் கடந்தவர்களே அதில் அதிகம். ஆனால் வயது மட்டுமா காரணம்? நள்ளிரவில் சிறுநீர் முட்டுகிறது, கூப்பிட்டால் ஆள் வருவதில்லை. தூக்க மாத்திரையின் மயக்கம், ரத்த அழுத்த மாத்திரையால் எழுந்ததும் வரும் கிறுகிறுப்பு, தேய்ந்த ரப்பர் செருப்பு, ஈரம் காயாத கழிவறைத் தரை, கைக்கு எட்டாத சுவிட்ச். இதில் எது விதி, எது அலட்சியம்?

கட்டிலோடு கட்டிவைத்தால் விழமாட்டார்களே என்று வாதிடுவோர் உண்டு. நடமாட்டம் நின்றால் சில வாரங்களிலேயே கால் தசை வலுவிழக்கும், படுக்கைப்புண் வரும். அவிழ்த்துவிட்டால் முன்பைவிட எளிதில் விழுவார்கள். நிர்வாக வசதிக்காக முதியோரைக் கட்டிவைக்கக் கூடாது என்று அமெரிக்கா 1987-லேயே சட்டம் செய்தது. கட்டிவைக்காமல் பாதுகாக்க ஆகும் செலவுக்கு எங்கே போவது என்பது இன்னொரு கேள்வி, நியாயமானதும்கூட. கைப்பிடிக் கம்பியும் இரவு விளக்கும் பெரிய செலவல்ல. இரவுப் பணியாளர் சம்பளம்தான் இடிக்கிறது. அறுவை சிகிச்சைக்கும் அதன்பின் படுக்கையிலேயே பார்த்துக்கொள்வதற்கும் ஆகும் செலவை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நம் நாட்டின் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இல்லங்களின் தரத்தை வரையறுக்கும் பொறுப்பை மாநில அரசுகளிடம் விட்டிருக்கிறது. ஆய்வுக்குப் போகும் அதிகாரிகள் சமையலறையைப் பார்த்ததோடு திரும்பாமல், இரவுப் பணிப் பட்டியலையும் விழுந்தவர்கள் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.

– வாசகர், தஞ்சாவூர்