அலமாரியில் இருப்பது பொம்மையா, கேமராவா?

“செத்துப் போச்சு. ஷோகேஸ்ல வச்சுக்குங்க.”

பழைய ஜப்பான் கேமராவைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. யாஷிகா, கேனன், மினோல்ட்டா, ஒலிம்பஸ், கோனிகா என்று 1960, 70களில் வந்தவை நம் வீடுகள் சிலவற்றில் இன்னும் தோல் உறைக்குள் தூங்குகின்றன. அவற்றில் பல சாகவே இல்லை. பட்டினி கிடக்கின்றன, அவ்வளவுதான்.

இவை ‘ரேஞ்ச்ஃபைண்டர்’ வகை. லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது. கண் வைத்துப் பார்த்தால் நடுவே சின்னதாக ஒரு கட்டம் தெரியும். அதற்குள் எதிரில் நிற்பவர் இரண்டு பேராகத் தெரிவார். கேமராவின் முகப்பில் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு ஜன்னல்கள் வழியாக வரும் பிம்பங்கள் அவை. லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கும். இரண்டும் ஒன்றாகிவிட்டால் தூரம் சரி, படம் தெளிவு. நம் இரு கண்களும் தூரத்தைக் கணிக்கும் அதே வித்தை.

சாதாரணக் குடும்பங்கள் வாங்கட்டும் என்றுதான் ஜப்பானியர்கள் இவற்றைச் செய்தார்கள். 1961 ஜனவரியில் கேனன் நிறுவனம் ‘கேனனெட்’டை வெளியிட்டபோது, ஒரு வாரத்துக்கென்று வைத்திருந்த இருப்பு இரண்டே மணி நேரத்தில் தீர்ந்தது. 1962இல் ஜான் கிளென் பூமியைச் சுற்றி வந்தபோது கையில் வைத்திருந்த ‘ஆன்ஸ்கோ ஆட்டோசெட்’, மினோல்ட்டாவின் ‘ஹை-மேட்டிக்’தான், அமெரிக்காவில் வேறு பெயரில் விற்றார்கள்.

சரி, பட்டினிக்கு வருவோம். வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு அன்று பாதரச பேட்டரி போட்டார்கள். அதன் அழுத்தம் 1.35 வோல்ட். தீரும்வரை ஏறக்குறைய அப்படியே நிற்கும். 1990களில் பல நாடுகள் இதைத் தடை செய்தன. தடையில் தவறில்லை. பாதரசம் என்ன செய்யும் என்பதை உலகுக்குக் காட்டிய மினமாட்டாவும் ஜப்பானில்தானே இருக்கிறது! ஆனால் கேமராக்கள் தீனியில்லாமல் போயின.

அதே அளவில் இன்று கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் மீட்டர் ஏமாந்துவிடும். வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டு படத்தை இருட்டாக எடுக்கும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் பேட்டரி 1.4 வோல்ட். ஒரு சிறு வளையம் வைத்து அதைப் பொருத்தினால் மீட்டர் ஏறக்குறைய சரியாகப் பேசும். ஓரிரு மாதத்தில் மாற்ற வேண்டும், அதுதான் சிக்கல்.

எல்லா மாடலும் ஒன்றல்ல. முதல் கேனனெட்டுக்குப் பேட்டரியே கிடையாது. 1972இல் வந்த ‘கேனனெட் கியூஎல்17 ஜி-III’ பேட்டரி இல்லாமலும் எல்லா வேகத்திலும் படமெடுக்கும்; வெளிச்சத்தை நாம் கணித்தால் போதும். 1966இல் வந்த ‘யாஷிகா எலெக்ட்ரோ 35’ அப்படியில்லை. பேட்டரி இல்லையென்றால் அதன் ஷட்டருக்கு ஒரே வேகம், 1/500 வினாடி. வீட்டுக்குள் எடுத்தால் கருப்புதான் மிஞ்சும். இதைப் பார்த்துத்தான் பலர் ‘செத்துப் போச்சு’ என்கிறார்கள். இன்றைய 6 வோல்ட் பேட்டரியை ஓர் அடாப்டரோடு போட்டால் வேலை செய்யும்.

யாஷிகாவைக் காதாலும் சோதிக்கலாம். ஒலியோடு பிழைப்பு நடத்தும் எனக்கு இது மிகவும் பிடித்த சோதனை. ஃபிலிம் நகர்த்தும் நெம்புகோலை இழுக்கும்போது உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் உள்ளிருக்கும் சிறு ரப்பர் துண்டு மக்கிவிட்டது. இதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவசரப்பட்டு வீச வேண்டாம்.

நம் ஊர் ஈரக் காற்றுக்கு இன்னொரு சோதனை. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் தெரிந்தால் பூஞ்சை. பேட்டரி அறையில் பச்சைப் படிவு இருந்தால் பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடைக்கலாம். சந்தையில் புதிதாக வாங்குகிறவர்களும் பணம் கொடுக்கும் முன் இவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. ‘விண்டேஜ்’ என்ற சொல்லுக்கு மட்டும் விலை கொடுக்காதீர்கள்.

1977இல் கோனிகா ‘சி35 ஏஎஃப்’ வந்தது. தூரத்தைக் கேமராவே பார்த்துக்கொண்டது. அதன்பின் இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கும் வேலை மெல்ல மறைந்தது. அதுவரை அந்த வேலையைச் செய்தது அப்பாவோ, தாத்தாவோ, பெரியப்பாவோ. “ஆடாம நில்லுங்க” என்று அதட்டி, வளையத்தைத் திருப்பி, நம் முகம் ஒன்றாகும்வரை உற்றுப் பார்த்தவர்கள்.

பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். நம் முதல் பிறந்தநாள் இருக்கும், தீபாவளி இருக்கும், பத்துமலைப் பயணம் இருக்கும். எடுத்தவர் மட்டும் பெரும்பாலும் இருக்க மாட்டார்.

ஃபிலிம் விலையும் கழுவும் செலவும் இன்று குறைவில்லை, உண்மைதான். ஆனாலும் ஒரே ஒரு சுருள், 36 படம் போதும். பேட்டரி போட்டு, அந்தக் கேமராவை அவர் கையிலேயே கொடுத்து, எப்படி என்று சொல்லித்தரச் சொல்லுங்கள். பிறகு வாங்கி, அவரை நிற்க வைத்து, நீங்கள் வளையத்தைத் திருப்புங்கள்.