கியர் ஒயரை ஒளித்து வைத்த கார்பன் சைக்கிள்: அறுந்தால் யார் மாற்றுவது?

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. ஐ.டி. வேலையில் இருக்கும் ஒரு இளைஞர் புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் கிளம்புகிறார். தவளக்குப்பத்தில் மேற்கே திரும்பி, அபிஷேகப்பாக்கம் வழியாக பாகூர் ஏரி வரை ஒரு ரவுண்டு. கீழே லட்சக்கணக்கில் விலை போன கார்பன் ரோடு பைக். அபிஷேகப்பாக்கம் தாண்டும்போது 'டக்'கென்று ஒரு சத்தம். கியர் லீவரை அழுத்தினால் பிடிமானமே இல்லை. செயின் தானாகவே பின்னால் இருக்கும் மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு இறங்கிவிடுகிறது. அதாவது, மிதிக்கவே கஷ்டமான கியர்.

பக்கத்து சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால் என்ன நடக்கும்? பஞ்சர், கோட்டம் எடுப்பது, பிரேக் ஒயர் மாற்றுவது என எல்லாவற்றிலும் கை தேர்ந்த கடைக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். "தம்பி, இதுல ஒயர் எங்க ஓடுது?" என்றுதான் கேட்பார்.

நியாயமான கேள்வி. ஒயர் ஃபிரேமுக்குள்ளே ஓடுகிறது.

எதற்காக உள்ளே போனது?

பழைய கறுப்பு சைக்கிளில் பிரேக் கம்பிகூட வெளியே தெரியும். கியர் சைக்கிள்களிலும் பல காலம் ஒயர் ஃபிரேமின் அடிப்பக்கமாக வெளியேதான் ஓடியது. கார்பன் ஃபிரேம் பரவலானதும் ஒயர் உள்ளே போனது. காற்றுத் தடை கொஞ்சம் குறையும், மழையும் சேறும் நேரடியாகப் படாது, பார்க்கவும் அழகு. இந்த மூன்றும் உண்மைதான். ஆனால் காற்றுத் தடையில் கிடைக்கும் லாபம் பந்தய வேகத்தில் போகிறவருக்குத்தான் பெரிது. வாரம் ஒருநாள் ஓட்டி, நடுவில் டீ குடிக்க நிற்பவருக்கு அது கணக்கிலேயே வராது.

பாதுகாப்பும் பாதிதான். கியர் ஒயரின் தடிமன் வெறும் 1.2 மி.மீ. அது பெரும்பாலும் அறுவது ஃபிரேமுக்குள் அல்ல. ஹேண்டில்பாரில் இருக்கும் ஷிஃப்டருக்குள், ஒயர் வளையும் இடத்தில். ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் அதே இடம் வளைந்து நிமிர்ந்து, இழை இழையாகப் பிரிகிறது. வியர்வை சொட்டுவதும் ஹேண்டில்பார் மேல்தான். கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டரே உள்ள ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

மாற்றுவது எப்படி?

ஒயர் அறுவதற்கு முன்பே மாற்றினால் வேலை எளிது. கியர் விழுவது மந்தமாகிறது, அடிக்கடி திருகி சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்றால் அதுதான் எச்சரிக்கை.

முதலில், பின்னால் சின்னப் பல்சக்கரத்துக்கு கியரை இறக்க வேண்டும். அப்போதுதான் ஒயர் தளர்ந்து, அதன் தலைப்பகுதி ஷிஃப்டரில் வெளியே எடுக்கும் இடத்துக்கு வரும். அடுத்து, பின் டிரெய்லியரில் ஒயரைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, நுனி மூடியை வெட்டி எடுக்கலாம்.

இங்கேதான் பலரும் தப்பு செய்வார்கள். அவசரப்பட்டு பழைய ஒயரை உருவிவிடுவார்கள். அதன்பிறகு ஃபிரேம் ஒரு இருட்டுக் குகை. புது ஒயர் உள்ளே எங்கெங்கோ முட்டும், வெளியே வரவே வராது. அதனால், உருவுவதற்கு முன் ஃபிரேமின் இரு முனைகளிலும் அவுட்டரைக் கழற்றிவிட்டு, பழைய ஒயரின் மேலேயே மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை பின்பக்கமிருந்து கோத்து, முன்பக்கம் வெளியே வரும்வரை தள்ள வேண்டும். பிறகு பழைய ஒயரை ஷிஃப்டர் வழியாக உருவலாம். புது ஒயர் அந்தக் குழாய்க்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். கடைசியில் குழாயை பின்பக்கமாக உருவிவிட்டால் போதும்.

சில ஃபிரேம்களில் உள்ளே முழு நீளத்துக்கும் அவுட்டரோ வழிகாட்டிக் குழாயோ இருக்கும். அவற்றுக்கு இந்த வித்தையே தேவையில்லை. புது ஒயரை நேராகத் தள்ளலாம். ஒயர் ஏற்கெனவே அறுந்து, குழாயும் இல்லையென்றால்தான் பாடு. காந்தம் வைத்து இழுக்கும் கிட் இருக்கிறது. ஒரு துளையில் நூலை விட்டு, இன்னொரு துளையில் வாக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சி எடுப்பவர்களும் உண்டு. கூரான கம்பியை உள்ளே விட்டுத் துழாவுவது மட்டும் கூடாது. கார்பன் உள்ளே கீறினால் வெளியே தெரியாது.

ஒயர் விலை சில நூறு ரூபாய். அரிதாக இருப்பது பொருள் அல்ல, இந்தச் சின்ன அறிவுதான்.

யாருடைய பொறுப்பு?

"எலெக்ட்ரானிக் கியருக்கு மாறிவிட்டால் ஒயர் தொல்லையே இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். ஸ்ராம் நிறுவனம் 2015-லேயே ஒயர் இல்லாத ரோடு கியரைக் கொண்டுவந்தது. ஷிமானோ 2021-ல் தன் உயர்நிலை 12 ஸ்பீடு ரோடு கியர்களை எலெக்ட்ரானிக்காக மட்டுமே வெளியிட்டது. ஆனால் அதே ஷிமானோ 2023-ல் 105 வரிசையில் ஒயரில் இயங்கும் 12 ஸ்பீடையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒயர் வேண்டும் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான் அதன் அர்த்தம்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகள் அதில் முன்னிறுத்தப்பட்டன. சைக்கிளைப் பற்றிப் பேச்சில்லை. எவரும் பழுதுபார்க்கக்கூடிய வண்டி என்று பெயரெடுத்த சைக்கிளே இன்று கடைக்காரரைக் கைவிரிக்க வைக்கிறது என்றால், அதையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வாங்கும்போதே "உள்ளே குழாய் இருக்கிறதா? ஒயரை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்கலாம். பதில் தெரியாத விற்பனையாளர், வண்டியைப் பாதிதான் விற்கிறார். வருடம் ஒருமுறை, அறுவதற்கு முன்பே, ஒயரை மாற்றிவிடலாம். அதைத் தனியாக வீட்டில் செய்வதைவிட ஊர்க் கடையிலேயே, கடைக்காரரோடு உட்கார்ந்து செய்வது இன்னும் நல்லது. கைத்திறன் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்து வருகிறவருக்கு அவரே செய்து கொடுப்பார்.

அபிஷேகப்பாக்கத்தில் நின்றுபோன இளைஞருக்கு அன்றைக்கு ஒரு வழி மிச்சமிருக்கிறது. முன்பக்கச் சின்ன செயின்ரிங்குக்கு மாற்றி, மெதுவாக மிதித்து வீடு சேரலாம். நல்லவேளை, வழியில் பெரிய மேடு இல்லை. எல்லா ஊரும் அப்படி இருக்காது.