கரண்டியை எப்போ கைமாத்தி விடப் போறோம்?

 

ஆடித் திருவிழா முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு. அன்னதானத்துல சோறு பத்தாமப் போன விஷயம் மட்டும் வாட்ஸ்அப் குரூப்ல இன்னும் ஓயல. யார் தப்புன்னு ஆளாளுக்கு எழுதுறாங்க. அன்னைக்கு அடுப்படியில நின்ன தொண்டூழியர்கள்ல நானும் ஒருத்தன், அதனால என் பங்குக்கு எழுதிடுறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க.

நம்ம அடுப்படிக்கு இத்தனை வருஷமா பெரியப்பாதான் எல்லாம். எவ்வளவு அரிசி, எத்தனை அண்டா, எந்தக் கேஸ் தோங் எப்போ தீரும், எல்லாமே அவர் தலைக்குள்ள இருந்துச்சு. இந்தத் தடவை திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது முட்டி ஆப்பரேஷனுக்குப் படுத்துட்டார். நாங்க கணக்குப் போட்டோம். ஆயிரத்து இருநூறு பேர், கிலோவுக்குப் பத்துப் பேர், அப்போ 120 கிலோ அரிசி. கணக்கு சரிதான். ஆனா திருவிழா ஞாயித்துக்கிழமையில விழுந்தா பாதிப் பேர் வீட்ல இருக்கிற வயசானவங்களுக்கும் ஒரு பொட்டலம் தாப்பாவ் கேப்பாங்க, அதுக்கு இன்னும் முப்பது கிலோ சேர்த்துப் போடணும். இது பெரியப்பாவுக்குத் தெரியும். எங்க யாருக்கும் தெரியாது. பன்னிரண்டே முக்காலுக்குச் சோறு காலி. வரிசையில பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு நின்னவங்க முகத்தை என்னால இன்னும் மறக்க முடியல. சாம்பார் மட்டும் ரெண்டு அண்டா மீந்து கிடந்துச்சு.

அதுக்கப்புறம் கூட்டம் போட்டோம். கூட்டம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். பொருளாளர் மேல ஒருத்தர், இளைஞர் பகுதி மேல இன்னொருத்தர், கடைசியில வராத கடைக்காரன் மேல எல்லாரும்.

எனக்கு உண்மை தெரிஞ்சது கூட்டத்துல இல்ல, வெளிய செருப்பு மாட்டும்போது. பொட்டலம் கட்டுற இடத்துல நின்ன பத்தொன்பது வயசுத் தம்பி சொன்னான்: "அண்ணே, பதினொன்றரைக்கே சோறு வேகமா இறங்குதுன்னு பார்த்தேன்." அப்பவே சொல்லியிருந்தா இன்னொரு அண்டா வெச்சிருக்கலாம், ஒன்னேகால் மணி நேரம் கையில இருந்துச்சு. ஏன்டா சொல்லலன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டான். போன வருஷம் உப்பு கம்மின்னு சொல்லப் போனப்போ, "நீ போய் செருப்பு ரேக்கைப் பாரு"ன்னு ஒரு அண்ணன் விரட்டிட்டாராம்.

அந்த அண்ணன் நான்தான்.

நான் பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில லைன் சூப்பர்வைசர். 1972ல அந்த வட்டாரம் சுதந்திர வர்த்தக மண்டலம் ஆனதுல இருந்து நம்ம வீட்டு அம்மா, அக்காமாருங்க எத்தனையோ பேர் அங்க வேலை பார்த்திருக்காங்க. அவங்களைக் கேட்டா க்யூசி சர்க்கிள்னா என்னன்னு சொல்வாங்க. 1962ல ஜப்பான்ல ஆரம்பிச்ச பழக்கம் அது. லைன்ல வேலை செய்யிறவங்களே சின்னக் குழுவா உக்காந்து எங்க கோளாறு, எப்படிச் சரி பண்ணலாம்னு பேசுவாங்க. டொயோட்டாவுல இன்னும் ஒரு படி மேல. வேலை செய்யிற இடத்துலயே ஒரு கயிறு இருக்கும். நேத்து சேர்ந்த பையன்கூட ஏதாவது தப்பாப் பட்டா அதை இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே வந்து பார்க்கணும், அங்கேயே சரியாகலன்னா லைன் நிக்கும். யார் தப்புங்கிறது அப்புறம், முதல்ல என்ன கோளாறுங்கிறதுதான் பேச்சு.

இதையெல்லாம் வாரத்துல ஆறு நாள் நானே மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஏழாவது நாள் ஆலயத்துக்கு வந்து ஒரு பையன் வாயை மூட வெச்சிருக்கேன்.

ஆலயம் ஃபேக்டரி இல்லையேன்னு சிலர் சொல்வீங்க. ஒத்துக்கிறேன். கேபிஐ, போனஸ், பெர்ஃபாமன்ஸ் மார்க் எல்லாம் இங்க வரவே கூடாது, வந்தா நானே முதல் ஆளா எதிர்ப்பேன். ஆனா "சேவைதானே, நடந்த வரைக்கும் போதும்"னு சொல்றது பக்தியும் இல்ல. அப்பர் பெருமான் கையில உழவாரப் படையோடதான் நிக்கிறார். புல்லைச் செதுக்குறதையும் ஒழுங்காச் செய்யணும்னு நினைச்ச மரபு நம்மளோடது.

இன்னொன்னு, சம்பளத்துக்கு வேலை செய்யிறவங்களை நாம எந்தக் கூட்டத்துக்காவது கூப்பிட்டிருக்கோமா? பின்பக்கச் சாக்கடை அடைச்சுக்கும்னு கூட்டுற அக்கா மூனு மாசமா சொல்லிட்டு இருந்தாங்க. பால்குடம் அன்னைக்கு அபிஷேகத் தண்ணி மடப்பள்ளிக்குள்ள வந்தப்போதான் எல்லாரும் ஓடினோம். ஊர்ல இருந்து வந்திருக்கிற மேளக்காரங்களும் ஐயர்மாரும் எத்தனையோ கோயில் பார்த்தவங்க. அவங்ககிட்ட யோசனை கேட்டா நம்ம கௌரவம் ஒன்னும் குறைஞ்சிடாது.

போன வாரம் அந்தத் தம்பியைக் கூட்டிக்கிட்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன், ஒரு நோட்டுப் புத்தகமும் சமையல் தராசும் எடுத்துக்கிட்டு. முதல்ல அவருக்குக் கோபம். "கைக்கணக்கை எப்படிடா எழுதுறது?" அப்புறம் தம்பி உப்பு டப்பாவை நீட்டினான். பெரியப்பா ஒரு பிடி அள்ளித் தராசுல போட்டார். திரும்ப அள்ளினார். மூனு தடவையும் ஒன்னு ரெண்டு கிராம்தான் வித்தியாசம். அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் நிறுத்தாம சொல்லிட்டே இருந்தார், தம்பிக்கு எழுதிக் கை வலிச்சது. கிளம்பும்போது பெரியம்மா மெதுவா சொன்னாங்க: "இத்தனை வருஷத்துல அவர்கிட்ட யாரும் வந்து இப்படிக் கேட்டதில்லப்பா."

நவராத்திரி வருது. செயலவைகிட்ட நான் கேட்கிறது ரெண்டே விஷயம்தான். ஒவ்வொரு வேலைக்கும் தெரிஞ்சவர் ஒருத்தர், கத்துக்கிறவர் ஒருத்தர்னு ஜோடியாப் போடுங்க. அடுப்படி ஆகட்டும், பார்க்கிங் ஆகட்டும், சவுண்ட் சிஸ்டம் ஆகட்டும். மூனு வருஷமா ஒரே பையன் செருப்பு ரேக்குலயே நின்னா நாலாவது வருஷம் அவன் வரமாட்டான், அவன் மேல குறை சொல்லவும் நமக்கு உரிமை இல்ல. அடுத்தது, ஒவ்வொரு விழா முடிஞ்ச மறுநாளே அரை மணி நேரம் உக்காரணும், பேர் சொல்லிக் குத்தம் பேசாம. வயசுல சின்னவங்க முதல்ல பேசட்டும், தலைவர் கடைசியில. பெரியவங்க முதல்ல பேசிட்டா பிள்ளைங்க வாயைத் திறக்கமாட்டாங்க, அதை நான் நல்லாவே பார்த்துட்டேன்.

வர்ற ஞாயித்துக்கிழமை காலைப் பூஜை முடிஞ்சதும் மண்டபத்துல உக்காரலாம்னு தலைவர் சரின்னு சொல்லிட்டார். தேத்தண்ணியும் வடையும் என் செலவு. பெரியப்பா குச்சி ஊனிக்கிட்டாவது வர்றேன்னு சொல்லியிருக்கார். செருப்பு ரேக், தண்ணீர்ப் பந்தல், பொட்டலம் கட்டுற இடத்துல நின்ன தம்பி தங்கச்சிங்க அவசியம் வாங்க. உப்பு கம்மின்னா கம்மின்னே சொல்லுங்க.