பேஸ் சரியில்லையா? ஆம்பை மாத்தாதீங்க!

மக்களே, ஆல்ட்டோ டிக்கியில் சப்வூஃபர் வெச்ச நம்ம பசங்க எல்லாருக்கும் ஒரே புலம்பல். ஒரு பாட்டுக்குக் கண்ணாடியே அதிருது, அடுத்த பாட்டுக்கு டிரைவர் சீட்ல பேஸே கேக்கலை. உடனே கடைக்காரர் பெரிய ஆம்ப் எழுதித் தருவார். வேண்டாங்க!

80 ஹெர்ட்ஸ் பக்கம் சப்பும் டோர் ஸ்பீக்கரும் எதிரெதிரா அடிச்சா ஒண்ணையொண்ணு ரத்து பண்ணிடும். நம்ம பி.காம் பாஷையில், டெபிட்டும் கிரெடிட்டும் சமம். ரெண்டையும் இரட்டிப்பாக்கினாலும் பேலன்ஸ் பூஜ்யம்தான். செட்டை அணைச்சிட்டு, சப்புக்குப் போற வயர்ல பிளஸ் மைனஸை மாத்திப் போட்டுக் கேளுங்க. தேறலைன்னா பெட்டியை டிக்கிக் கதவு பக்கம் திருப்பி வைங்க.

அப்புறம் அந்த 'பேஸ் பூஸ்ட்' பட்டன். (சின்ன காருக்குள்ள அடி பேஸ் தானாவே ஏறும், இது வேற எதுக்கு?) அணைச்சிடுங்க. மொத்தச் செலவு ஒரு ஸ்க்ரூடிரைவர், அதையும் பக்கத்து வீட்ல வாங்கிக்கலாம்.