கையை இறக்காத கிரேன்

2015 செப்டம்பர் 11 அன்று மக்கா பெரிய பள்ளிவாசலில் ராட்சத கிரேன் சாய்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலத்த காற்று வீசியது உண்மைதான். ஆனால், வேலையில்லாத நேரத்தில் கிரேனின் நீண்ட கையை இறக்கி வைத்திருக்க வேண்டும் என்றது சவூதி விசாரணை.

வண்டியில் பொருத்திய சுழலும் கிரேனில் கையைத் தாழ்த்தித் தூரம் கூட்டினால், அதுவரை தாங்கிய அதே பாரமே வண்டியைக் கவிழ்த்துவிடலாம். பின்பக்கம் தாங்கியது பக்கவாட்டில் திரும்பும்போது தாங்காமல் போகலாம். பார அட்டவணையை வாசிக்கவும், தாங்குகால்களுக்கு அடியிலுள்ள மண்ணைக் கணிக்கவும், சைகை காட்டுபவர் கண்ணில் படாவிட்டால் உடனே நிறுத்தவும் ஆபரேட்டருக்குத் தெரிய வேண்டும். கனரக வாகன உரிமம் இதையெல்லாம் சோதிப்பதில்லை. கிரேன் இயக்கத் தனித் தேர்வு கட்டாயமாகட்டும். காற்று மிகுந்தால் வேலையை மறுக்கும் உரிமையையும் ஆபரேட்டருக்கு எழுத்தில் தர வேண்டும்.