கச்சேரி நடக்கும்போது கூப்பிடாதீர்கள்!

மும்பைத் தமிழர்களாகிய நமக்குக் கச்சேரிகளுக்குக் குறைவு இல்லை. மாட்டுங்கா, செம்பூர் பக்கம் சபாக்களில் கர்நாடக சங்கீதம் நடக்கிறது. தாராவி, சயான் பக்கம் கோவில் கொடை என்றால் நாதஸ்வரம், தவில், வில்லுப்பாட்டு. ஊரில் இருந்து கலைஞர்களை வரவழைக்கிறோம். வீடு வீடாக வரி பிரித்துச் செலவு செய்கிறோம். இதெல்லாம் பெருமைதான்.

ஆனால், மேடையில் ஏறியவரை நாம் பாட விடுகிறோமா? இந்தக் கேள்வியை மற்றவர்களிடம் கேட்பதற்கு முன்னால், என்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டி இருக்கிறது.

நான் ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் கிளார்க். ஓய்வு நேரத்தில் நம்மவர் விழாக்களுக்குச் சென்று செய்தி எழுதி அனுப்புகிறவன். அதனால் எந்த விழாவுக்குப் போனாலும் முன்வரிசையில் நாற்காலி கிடைக்கும். அந்த நாற்காலியில் இருந்து எழுந்துதான் நான் ஒரு தவறு செய்தேன்.

சிறுமியின் கச்சேரி

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, தண்டவாளத்தை ஒட்டிய ஒரு கோவிலில் விழா. முதல் நாள் மாலை ஒரு சிறுமியின் பாட்டுக் கச்சேரி. பத்தாம் வகுப்பு மாணவி. தந்தை இட்லி வியாபாரம் செய்கிறார். விடியற்காலையில் அப்பாவுக்கு மாவு கரைத்துக் கொடுத்துவிட்டு, ஆறு ஆண்டுகள் பாட்டு கற்றுக்கொண்ட பெண். அன்றுதான் முதல் மேடை.

இரண்டு பாட்டு நன்றாகப் பாடினாள். மூன்றாவதாக ராகத்தை ஆரம்பித்தாள். கூட்டம் மெல்ல அடங்கியது. அந்த நேரத்தில், பத்திரிகைக்குப் படம் வேண்டுமே என்று நான் மேடைப் படியில் ஏறினேன். "இந்தப் பக்கம் பாரம்மா" என்று கூப்பிட்டேன். மூன்று முறை பிளாஷ் அடித்தேன்.

அந்தப் பெண் பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு விட்ட இடத்தைப் பிடிக்கப் பார்த்தாள். முடியவில்லை. குரல் சுருதியை விட்டு விலகியது. கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் இருந்த வயலின்காரர் வயதானவர். அவர் பதறவில்லை. ஆதார சட்ஜத்தை நிறுத்தி வாசித்தார். பிறகு, அவள் கடைசியாகப் பாடிய பிடியை மெதுவாக ஒருமுறை வாசித்துக் காட்டினார். வழி தவறிய பிள்ளையைக் கைபிடித்து அழைத்து வருவதுபோல, அரை நிமிடத்தில் அவளைப் பாட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தார்.

கச்சேரி முடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன். பெண்ணின் தாயார், "பரவாயில்லை சார், பேப்பரில் படம் வருமா?" என்று ஆசையாகக் கேட்டார். எனக்குத் தலை குனிந்தது. வயலின்காரர் சொன்னதுதான் இன்றுவரை மனதில் நிற்கிறது.

"தம்பி, கச்சேரி நடக்கும்போது எத்தனை ரயில் போயிற்று, பார்த்தீர்களா? ஒவ்வொன்றும் கூவிக்கொண்டுதான் போயிற்று. அந்தக் குழந்தை அசையவில்லை. ரயில் அவளைக் கூப்பிடவில்லை. நீங்கள் கூப்பிட்டீர்கள்."

கவுண்டரில் எண்ணும் பணம்

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பது என் வேலையிலேயே தெரிகிறது.

டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து நோட்டு எண்ணும்போது தலைக்கு மேலே அறிவிப்பு ஒலிக்கும். பிளாட்பாரத்தில் வண்டி வந்து நிற்கும். வரிசையில் சண்டை நடக்கும். எண்ணிக்கை தவறாது. ஆனால், ஜன்னல் வழியாக ஒருவர் "சார்" என்று மெதுவாகக் கூப்பிட்டால் போதும். எண்பதா, தொண்ணூறா என்பது மறந்துவிடும். மறுபடியும் ஒன்றில் இருந்து எண்ண வேண்டும்.

ஓசை வேறு, அழைப்பு வேறு. ஓசையைப் பழக்கத்தால் வெல்லலாம். அழைப்பை வெல்வது கஷ்டம். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது மனித சுபாவம். அதுவும் முதல் முறை மேடை ஏறிய பிள்ளை திரும்பிப் பார்க்காமல் இருக்குமா?

மாலை நேரத்து லோக்கல் ரயிலில் பஜனை செய்யும் மராத்திய அன்பர்களைப் பார்த்திருப்பீர்கள். தாதரில் கூட்டம் இடித்துக்கொண்டு ஏறும். பொருள் விற்பவர்கள் கத்துவார்கள். ஜால்ராவின் தாளம் மட்டும் நிற்காது. ஒருவர் இறங்கிப் போனால் இன்னொருவர் அடியை எடுத்துக்கொள்வார். அவர்களுக்கு எந்த சபாவும் இல்லை. தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டால் எந்த இரைச்சலையும் தாண்டிவிடலாம் என்பதற்கு அவர்களே சாட்சி.

கெட்டி மேளம்

நமது நாதஸ்வரக் கலைஞர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியது இல்லை. அவர்களுடைய பள்ளிக்கூடமே தெருதான். சாமி புறப்பாட்டில் மல்லாரி வாசித்துக்கொண்டு நடக்க வேண்டும். முன்னால் வேட்டு வெடிக்கும். பக்கத்தில் கூட்டம் நெருக்கும். காலில் கல் குத்தும். மூச்சை விடாமல் வாசிப்பார்கள்.

நாதஸ்வரத்தின் மேல் முனையில் கயிற்றில் கட்டித் தொங்கும் சாமான்களைப் பாருங்கள். அழகுக்காகத் தொங்குபவை அல்ல. மாற்றுச் சீவாளிகளும், சீவாளியைச் சரிசெய்யும் ஊசியும் அவை. வாசிக்கும்போது சீவாளி மக்கர் செய்தால் உடனே மாற்றிக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. தடங்கல் வரும் என்று தெரிந்தே அதற்கான மருந்தையும் கூடவே கட்டிக்கொண்டு போகிறார்கள்.

கல்யாண வீட்டில் கெட்டி மேளம் இன்னொரு அதிசயம். அருமையான ஒரு ராகம் போய்க்கொண்டிருக்கும். மணவறையில் இருந்து ஒருவர் கையைத் தூக்கி ஆட்டுவார். அந்தக் கணமே ராகத்தை விட்டுவிட்டு, முழு வேகத்தில் கெட்டி மேளம் முழங்க வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ, அபசகுனச் சொல்லோ காதில் விழக்கூடாது என்பதற்காகப் பெரியவர்கள் செய்த ஏற்பாடு இது. முடிந்ததும் பழைய ராகத்தைப் பழைய இடத்தில் தொடுவார்கள்.

இதுவும் ஓர் அழைப்புதானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் இருவரும் முன்பே பேசி வைத்துக்கொண்ட அழைப்பு. அதற்குக் காரணமும் இருக்கிறது. நாம் கொடுக்கும் தொல்லைக்கு என்ன காரணம் இருக்கிறது?

மைக் போனால்

பாடுகிற பிள்ளைகளுக்கும், அவர்களுடைய பெற்றோருக்கும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். பல மேடைகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வயலின் தந்தி அறும். மின்சாரம் போகும். மைக் கீச்சென்று அலறும். இவை யாருடைய குற்றமும் அல்ல. அப்போது சத்தம் வந்த பக்கம் திரும்பாதீர்கள். கையில் தாளத்தை விடாதீர்கள். தந்தி அறுந்தால், வயலின்காரர் மாற்றி முடிக்கும்வரை பாடுகிறவர் ஸ்வரத்தை நீட்டலாம். மிருதங்கக்காரர் தாங்கிக்கொள்வார். மின்சாரச் சுருதிப் பெட்டியை மட்டும் நம்பி வராமல், கையால் துருத்தி போடும் பழைய சுருதிப் பெட்டி ஒன்றையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனாலும் சுருதி போகாது.

மைக் நின்றுவிட்டால் உலகம் முடிந்துவிடாது. 1933-ல் மறைந்த எஸ்.ஜி.கிட்டப்பா நாடக மேடைகளில் மைக் இல்லாமல் பாடியே புகழ் பெற்றவர். வீட்டில் பழகும்போது வாரத்தில் ஒருநாள் தொலைக்காட்சியை ஓட விட்டுப் பாடிப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துப் பாடுங்கள். மேடையில் பயம் பாதியாகக் குறையும்.

செல்போன் மணி

ரயில் கூவுவதைவிட ஆயிரம் மடங்கு சிறியது செல்போன் மணி. ஆனால் அது கூப்பிடும் ஓசை. ஒரு போன் மணி அடித்தால் அரங்கத்தில் உள்ள அத்தனை பேரும் தங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். பிறகு பாட்டை யார் கேட்பது?

2012-ம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க் நகரில் இது நடந்தது. மாலர் என்ற மேதையின் ஒன்பதாவது சிம்பொனி முடியும் தறுவாய். மிக மெல்லிய இசை. முன்வரிசையில் ஒரு செல்போன் மணி அடித்தது, நிற்கவே இல்லை. இசைக்குழுவை நடத்திய ஆலன் கில்பர்ட் கச்சேரியையே நிறுத்திவிட்டார். போன் அடங்கிய பிறகுதான் தொடர்ந்தார்.

அதே 2012-ல் இன்னொரு காட்சி வீடியோவாக உலகம் முழுவதும் பரவியது. ஸ்லோவாக்கியா நாட்டில் ஒரு யூத வழிபாட்டு மண்டபம். லூகாஷ் க்மிட் என்ற கலைஞர் வயோலா வாசித்துக்கொண்டிருந்தார். நோக்கியா போன் மணி அடித்தது. அவர் வாசிப்பை நிறுத்தி, அந்த மணியோசையையே எடுத்து அழகாக வாசித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

இரண்டு பேரும் சமாளித்தார்கள். ஒருவர் கோபத்தால், ஒருவர் நகைச்சுவையால். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு இடத்திலும் அவர்கள் வாசித்துக்கொண்டிருந்த இசை அறுந்துதான் போயிற்று. கலைஞர் சமாளித்துவிட்டார் என்பதால் நம் குற்றம் குற்றம் இல்லை என்று ஆகிவிடாது.

பேச்சும் பொன்னாடையும்

செல்போன் தெரியாமல் அடிக்கிறது. தெரிந்தே நாம் செய்வது என்ன?

பாட்டு நடுவில் வட்டாரப் பிரமுகர் வருகிறார். உடனே மைக்கைப் பிடித்து வரவேற்பு. பொன்னாடை. படம். கலைஞர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். ஊரில் இருந்து ஏறக்குறைய ஒன்றரை நாள் ரயிலில் வந்தவர் அவர்.

நேரமும் நம் கையில் இல்லை. 2000-ம் ஆண்டில் மத்திய அரசு கொண்டுவந்த ஒலி மாசு விதிகளின்படி, திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. விழாக் காலங்களில் மாநில அரசு நள்ளிரவு 12 மணி வரை அனுமதி கொடுக்கலாம். ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் அல்ல. ஆகவே, ஒன்பதேகால் மணி வரை பேச்சாளர்கள் பேசினால், கலைஞருக்கு மிஞ்சுவது முக்கால் மணி நேரம். ராகத்தின் நடுவில் போலீஸ்காரர் வந்து நிற்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

"கோவில் விழாவில் சபா மாதிரி மௌனம் வேண்டும் என்கிறாயா?" என்று சிலர் கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. நம் மக்கள் பகல் எல்லாம் உழைத்துவிட்டு வருகிறார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். குழந்தை அழட்டும். சுண்டல் விற்பவர் விற்கட்டும். ரயில் கூவட்டும். கலைஞர்கள் அதற்கெல்லாம் பழகியவர்கள்.

என்ன செய்யலாம்?

விழாக் கமிட்டியாருக்கு எனது வேண்டுகோள் நான்குதான். பேச்சும் பொன்னாடையும் கச்சேரிக்கு முன்னால் முடியட்டும். எந்தப் பிரமுகர் தாமதமாக வந்தாலும் பாட்டு முடியும்வரை கூட்டத்தோடு உட்காரட்டும். கச்சேரி தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் அழைப்பிதழில் அச்சிடுங்கள். செல்போனை அடக்கச் சொல்லி ஒருமுறை அறிவியுங்கள்.

ஐந்தாவது வேண்டுகோள் என்னைப் போன்ற நிருபர்களுக்கு. படம் மங்களம் பாடிய பிறகு எடுக்கலாம்.

இந்த ஆண்டும் அதே கோவிலில் அந்தப் பெண் பாடினாள். குரல் முதிர்ந்திருக்கிறது. ராகம் பாடும்போது ஒரு வண்டி நீளமாகக் கூவிக்கொண்டு போயிற்று. அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. நான் கேமராவைப் பையில் வைத்துப் பூட்டிவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். படம் ஒருநாள் தாமதமாகத்தான் பத்திரிகைக்குப் போயிற்று. அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.